பெல்ஃபாஸ்ட்டில் மூன்றாவது ஆட்கள்

வட அயர்லாந்து சட்டமன்றத்துக்கு ஜெயித்து வருகிறவர்கள் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போதே இன்னொன்றும் எழுத வேண்டும்: யூனியனிஸ்ட் (பிரிட்டனோடு இருக்க வேண்டும் என்பவர்), நேஷனலிஸ்ட் (அயர்லாந்தோடு சேர வேண்டும் என்பவர்), அல்லது 'மற்றவர்'. சுமார் 30 வருடச் சண்டையில் 3,500 பேர் வரை செத்துப்போன ஊர், அதனால்தான் சண்டையை முடித்த 1998 புனித வெள்ளி உடன்படிக்கை இப்படி எழுதப்பட்டது, அது எனக்குப் புரிகிறது. முதலமைச்சரும் துணை முதலமைச்சரும் யூனியனிஸ்ட் பக்கம் ஒருவர், நேஷனலிஸ்ட் பக்கம் ஒருவர், பெயரில்தான் 'துணை', அதிகாரம் ஒன்றுதான், ஒருவர் விலகினால் மற்றவரும் பதவியில் நீடிக்க முடியாது. 2017-இல் அப்படித்தான் கவிழ்ந்து மூன்று வருடம் ஆட்சியே இல்லை. 2022-இல் மறுபடியும், 2024 பிப்ரவரி வரை.

என் மனசு ஆறாதது அந்த 'மற்றவர்' விஷயத்தில்தான். எந்தப் பக்கமும் சேராத அலையன்ஸ் கட்சி 2022 தேர்தலில் 90 இடத்தில் 17 வாங்கி மூன்றாவதாக வந்தது. ஆனால் முக்கியமான சில தீர்மானங்களுக்கு இரு பக்கத்திலும் தனித்தனியாக ஆதரவு இருக்கிறதா என்று எண்ணுவார்கள் இல்லையா, அந்த எண்ணிக்கையில் இந்த 17 பேரும் வரவே மாட்டார்கள், மொத்தக் கணக்கில் மட்டும்தான் இடம். இவர்களுக்கு ஓட்டுப் போட்டவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

சரி, இந்தப் பக்கம் பிரிக்கும் முறையையே எடுத்துவிடலாமா என்றால், அதையும் என்னால் துணிந்து சொல்ல முடியவில்லை. தலைநகர் பெல்ஃபாஸ்ட்டில் இந்த இரண்டு பக்கத்தாரின் தெருக்களுக்கும் நடுவே இன்னும் சுவர் நிற்கிறது, சில இடங்களில் இரும்புக் கதவை ராத்திரியானால் பூட்டுகிறார்கள். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் இன்றும் தனித்தனிப் பள்ளியில்தான் படிக்கிறார்கள்.