மேலூரைத் தாண்டிப் போன பெட்டி

சிறுநீரகத்துக்குப் பதிந்துவிட்டு போனையே பார்த்துக்கொண்டிருக்கிற குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். என் வீட்டுக்காரருக்கு மூன்று வருஷம் டயாலிசிஸ், வாரம் மூன்று நாள் மேலூரிலிருந்து மதுரைக்குப் பஸ். நான் கொடுக்கலாமென்றால் எனக்குச் சர்க்கரை, மாமியாருக்கு எழுபது தாண்டிவிட்டது. அதனால் மருத்துவமனை மூலமாக டிரான்ஸ்டானில், அதாவது தமிழ்நாடு அரசின் உறுப்பு மாற்று ஆணையத்தில், பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம்.

முதல் அழைப்பு 2023 மே மாதம். ஓடினோம். ஒரு சிறுநீரகத்துக்கு இரண்டு மூன்று பேரைக் கூப்பிட்டு வைத்திருப்பார்கள் என்பதே அங்கே போன பிறகுதான் தெரிந்தது. கொடுப்பவரின் ரத்தத்தையும் இவர் ரத்தத்தையும் சேர்த்து கிராஸ் மேட்ச் என்று ஒரு பரிசோதனை. விடியற்காலையில் நர்ஸ் வந்து "பாசிட்டிவ்மா" என்றதும் நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். பாசிட்டிவ் என்றால் அந்தச் சிறுநீரகத்தை இவர் உடம்பு ஏற்காது, வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம். அதைச் சொல்லும்போது அந்தப் பெண்ணுக்கே கண் கலங்கிவிட்டது.

அதற்கு இரண்டு மாதம் முன்னால் ஹீமோகுளோபின் இறங்கிப்போய், வேறொரு இடத்தில் இவருக்கு இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றியிருந்தார்கள். அடுத்தவர் ரத்தம் ஏறினால், வேறொருவர் உறுப்பைத் தாக்குகிற எதிர்ப்பொருள் உடம்பில் உண்டாகலாம், அதனால் ரத்தம் ஏற்றினால் பதிந்திருக்கிற மருத்துவமனையில் உடனே சொல்லி மறுபடி பரிசோதிக்க வேண்டும். ஏற்றியவர்கள் எங்களிடம் இதைச் சொல்லவே இல்லை, அந்த வருத்தம் இன்றைக்கும் எனக்கு இருக்கிறது. நீங்களாவது கேட்டுவையுங்கள். காய்ச்சல், சளி, டயாலிசிஸ் ஊசி போடுகிற இடத்தில் சீழ், எது வந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.

இரண்டாவது அழைப்பு 2024 ஜனவரி, வியாழக்கிழமை ராத்திரி 9.40. ஒருங்கிணைப்பாளர் எடுத்தவுடனே, "அம்மா, திருச்சியில ஒரு டோனர். சார் கடைசியா எப்ப சாப்பிட்டாரு?" என்றுதான் கேட்டார். தட்டில் இட்லி இருந்தது, அப்படியே எடுத்துவிட்டேன். இனிமேல் பச்சைத் தண்ணீர்கூட வேண்டாம் என்றார். பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக் காரில் கிளம்பினோம். போகிற அவசரத்தில் காப்பீட்டுத் திட்ட அட்டை, ரேஷன் கார்டு நகல் எல்லாம் இருந்த ஃபைலை டிவி மேலேயே விட்டுவிட்டேன், முதலமைச்சர் காப்பீட்டில் அனுமதி வாங்க அதுதான் வேண்டும். பையிலேயே ஒரு செட் நகல் போட்டு வைத்துவிடுங்கள்.

உறுப்புக்கு முன்னால் ரத்தம்தான் புறப்படும். மூளைச்சாவை உறுதிசெய்ய ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பரிசோதிக்கிறார்கள், அந்த இரண்டாவது பரிசோதனை முடிந்து, குடும்பமும் கையெழுத்துப் போட்ட பிறகு, சின்னச் சின்ன குழாய்களில் எடுத்த ரத்தம் திருச்சியிலிருந்து காரில் கிளம்பி ஒரு மணி வாக்கில் மதுரைக்கு வந்தது. சாதாரண தெர்மாகோல் பெட்டி. ஐஸே இல்லையே, கெட்டுப் போகாதா என்று நான் பதறிப்போய்க் கேட்டேன். "இதுல இருக்கிற வெள்ளணு உயிரோட இருந்தாதான் டெஸ்ட் சரியா வரும்மா, குளிர்ல வைக்கக் கூடாது. சிறுநீரகத்துக்குத்தான் ஐஸ்" என்றார் ஒருங்கிணைப்பாளர். ஐந்தரை மணிக்கு முடிவு வந்தது. நெகட்டிவ். இந்த முறை அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரிந்திருந்தது, சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கூட வந்திருந்த இன்னொரு குடும்பம் திரும்பிப் போக வேண்டியதாயிற்று, அந்த அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அங்கே திருச்சியில் இதயத்தை முதலில் எடுத்து, விமானத்தில் சென்னைக்கு அனுப்பினார்கள். அதற்கு நான்கு மணி நேரம்தான் கணக்கு. சிறுநீரகம் ஒரு நாள் வரைக்கும்கூடத் தாங்கும், ஆனால் ஒவ்வொரு மணி நேரமும் அதற்கு இழப்புதான் என்று டாக்டர் சொன்னார். இவருக்கானது 7.15-க்குக் கிளம்பியது. விராலிமலை, துவரங்குறிச்சி, கொட்டாம்பட்டி, அப்புறம் எங்கள் மேலூர். மூன்று மாவட்டப் போலீசுக்கும் சொல்லி, டோல்கேட்டில் ஒரு பாதையைத் திறந்து வைத்திருந்தார்களாம். ஃபைலை எடுத்துக்கொண்டு பைபாஸில் பஸ்ஸுக்கு நின்ற என் கொழுந்தன், "மதினி, இப்பத்தான் சைரன் போட்டு ஒரு வண்டி போகுது, நம்மளுதாத்தான் இருக்கும்" என்று போன் பண்ணினான். ரோட்டோரம் நின்றவன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டானாம்.

9.05-க்கு வண்டி உள்ளே வந்தது. நீலப் பெட்டி, மூடியைச் சுற்றி டேப், மேலே ஒட்டிய தாளில் ரத்த வகை, இடது, ரத்த ஓட்டத்தை நிறுத்திய நேரம் 6.10. உள்ளே மூன்று பை, ஒன்றுக்குள் ஒன்று. எல்லாவற்றுக்கும் உள்ளே இருக்கிற பையில் பாதுகாப்புத் திரவத்தில் சிறுநீரகம், ஐஸ் நேராகச் சிறுநீரகத்தில் படக்கூடாது. லிஃப்டைப் பிடித்து வைத்திருந்தார்கள், ஒரே நிமிஷத்தில் மேலே போய்விட்டது. ஓட்டுநர் தம்பிக்கு இருபத்தைந்து வயதிருக்கும், கை நடுங்க டீ குடித்துக்கொண்டிருந்தான். "யாருக்குக்கா?" என்றான். சொன்னேன். நம்பரைக் கொடுத்துவிட்டு, "ஒண்ணுக்கு வந்ததும் ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா" என்று போனான்.

கொடுத்தவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது, சொல்லவும் மாட்டார்கள். 2008-ல் திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதி தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்த செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு அன்று முழுக்கச் சாப்பிடாமல் இருந்தேன், அன்றைக்கு அது யார் வீட்டுக் கதையோ. 2023 செப்டம்பரில் அறிவித்தபடி இப்போது உறுப்புக் கொடை செய்தவரை அரசு மரியாதையோடுதான் அடக்கம் செய்கிறார்கள். எங்களுக்குக் கொடுத்தவருக்கும் யாராவது அதிகாரி மாலை வைத்திருப்பார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, ஆனால் சிறுநீர் வரவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், பை காலியாகவே தொங்கியது. இறந்தவரிடமிருந்து வருகிற சிறுநீரகம் சில சமயம் தூங்கும், எழுந்திருக்க ஒரு வாரம்கூட ஆகலாம், அதுவரை டயாலிசிஸ் போடுவோம் என்று டாக்டர் சொன்னார். இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள், நான் தெரியாமல் நான்கு நாள் செத்துப் பிழைத்தேன். ஆறாம் நாள் விடியற்காலை 4 மணிக்கு நர்ஸ் என்னை எழுப்பி டார்ச் அடித்துக் காட்டினார். குழாயில் மஞ்சளாக ஒரு கோடு இறங்கிக்கொண்டிருந்தது.

விடியட்டும் என்று காத்திருந்து ஓட்டுநர் தம்பிக்குப் போன் பண்ணினேன். யாரென்று சொல்லி முடிப்பதற்குள், "எத்தனை மில்லிக்கா?" என்றான்.