யாருக்கு எழுதிக் கொடுத்தது?

"பதினெட்டு வயசுக்குக் கீழ யாரையும் இந்த மாதிரி வேலையில வைக்க மாட்டோம்னு நாடே எழுதிக் கொடுத்திருக்கும்மா." இதைத்தான் சொன்னேன். அந்த அம்மா திருப்பிக் கேட்டார்: "யாருக்குங்க எழுதிக் கொடுத்தாங்க?"

பர்கூர் பக்கம் ஒரு கிரானைட் பட்டறையிலிருந்து அவர் மகனை வெளியே கொண்டுவந்த சில நாளில் நடந்த பேச்சு இது. அதிகாரிகளோடு தொண்டு நிறுவனத்தின் சார்பில் நானும் ஆய்வுக்குப் போவது வழக்கம். பையனுக்குப் பதினாறு வயது. கல் வெட்டும் இடத்தில் நின்றிருந்தான். புருவம், காது மடல், சட்டைக் காலர் எல்லாம் வெள்ளைத் தூசி. அந்தக் கல்தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் படிந்து நோயாகிவிட்டால் குணமாக்க மருந்து கிடையாது. அவனை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்க முடியுமா?

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு இருக்கும் ஜெனீவாவுக்கு என்று சொல்லியிருக்கலாம். வேலைக்கான குறைந்தபட்ச வயது பற்றிய 138, குழந்தைத் தொழிலின் மிக மோசமான வடிவங்கள் பற்றிய 182 என்ற அதன் இரண்டு உடன்படிக்கைகளை இந்தியா 2017 ஜூனில் ஏற்றது. முதலாவது 1973-லேயே வந்தது. நமக்கு 44 வருஷம் பிடித்தது. 2016-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தி, 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களை ஆபத்தான தொழிலில் வைக்கக் கூடாது என்று சேர்த்த பிறகுதான் கையெழுத்தே. ஜெனீவாவிலிருந்து யாரும் வந்து பட்டறையைப் பூட்டுவதில்லை. அரசு அறிக்கை அனுப்பும், நிபுணர் குழு படித்துவிட்டுக் கேள்வி கேட்கும், அவ்வளவுதான். ஆனால் அந்தத் திருத்தம் இல்லையென்றால் பதினாறு வயதுப் பையனுக்காக எங்களால் இந்த அளவுக்குப் பேசியிருக்க முடியாது.

சரி, அப்புறம்? முதலாளிக்கு அபராதம் இருபதாயிரத்திலிருந்து ஐம்பதாயிரம் வரை. அது கட்டப்பட்டால் பையனுக்கான நிதியில் சேரும், அரசு தன் பங்காகப் பதினைந்தாயிரம் போடும். வழக்கு முடிய வேண்டுமே! கூலி மட்டும் அன்றைக்கே நின்றது. ஐடிஐ சேர்க்கையும் முடிந்திருந்தது. பையன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான். அங்கே தூசி இல்லையா என்ன?

182-இன் ஏழாவது பிரிவு, வெளியே எடுத்த பிள்ளைக்கு மறுவாழ்வும் படிப்பும், முடிந்த இடத்தில் தொழிற்பயிற்சியும் தரச் சொல்கிறது. அப்படிப் பார்த்தால் "உங்க பையனுக்குத்தாம்மா எழுதிக் கொடுத்தது" என்பதே சரியான பதில். அது வண்டியில் திரும்பி வரும்போதுதான் தோன்றியது. அங்கேயே தோன்றியிருந்தாலும் சொல்லியிருப்பேனா, தெரியவில்லை. சொல்லியிருந்தால் "எங்கங்க அது?" என்று அடுத்த கேள்வி வந்திருக்கும்.