சவுண்ட் கார்டு வாங்கும் முன் இரைச்சல் எங்கே பிறக்கிறது என்று பாருங்கள்

ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று இரைகிறது. ஹெட்போனில் சத்தம் போதவில்லை. மைக்கில் பேசினால் குரலைவிட உஸ்ஸென்ற ஓசைதான் அதிகம் பதிகிறது. இந்த மூன்றுக்கும் கடையில் ஒரே பதில்தான் வருகிறது: தனி சவுண்ட் கார்டு போடுங்கள். ஆனால் மூன்றும் வெவ்வேறு இடங்களில் பிறக்கும் கோளாறுகள். இடம் தெரியாமல் வாங்கினால் பணம் போகும், இரைச்சல் அப்படியே இருக்கும்.

மதர்போர்டு ஆடியோ மட்டமானது என்ற எண்ணம் பழைய காலத்து மிச்சம். 1989இல் கிரியேட்டிவ் நிறுவனம் சவுண்ட் பிளாஸ்டரைக் கொண்டுவந்தபோது பெரும்பாலான பிசிக்களில் பீப் அடிக்கும் குட்டி ஸ்பீக்கரைத் தவிர வேறெதுவும் கிடையாது. பிறகு விளையாட்டுகளில் எதிரொலியும் திசையும் கணக்கிடக் கார்டு தேவைப்பட்டது. 2007இல் வந்த விண்டோஸ் விஸ்டா, டைரக்ட்சவுண்ட் (விளையாட்டுகள் ஒலியை அனுப்பும் விண்டோஸ் மென்பொருள்) வழியாகக் கார்டு அந்தக் கணக்கைச் செய்யும் பாதையை அடைத்துவிட்டது. இப்போது அதை ப்ராசஸரே சுலபமாகச் செய்கிறது. கார்டுக்கு மிஞ்சியிருக்கும் முக்கிய வேலை டிஜிட்டலை அனலாகாகவும் அனலாகை டிஜிட்டலாகவும் மாற்றுவது. அதிலும் ரியல்டெக் ஏஎல்சி 1220 சிப்புக்குச் சொல்லப்படும் சிக்னல்-இரைச்சல் விகிதம் (எண் கூடக்கூட இரைச்சல் குறைவு) 120 டெசிபெல். சிடியின் 16 பிட் ஒலிக்குத் தேவை சுமார் 96. விலை குறைந்த போர்டுகளில் வரும் ஏஎல்சி 897கூட வீட்டு ஸ்பீக்கருக்குப் போதும்.

ஒன்றை மறக்கக்கூடாது: அந்த எண் சிப்புக்கு உரியது. போர்டில் மின்சாரம் எப்படி வடிகட்டப்படுகிறது, கிரவுண்ட் எப்படி ஓடுகிறது என்பதைப் பொறுத்து, ஒரே சிப் ஒரு போர்டில் சுத்தமாகவும் இன்னொன்றில் சலசலப்பாகவும் ஒலிக்கும். தங்க நிறக் கெபாசிட்டரைப் பார்த்தும் சிப்பின் மேல் மாட்டிய மூடியைப் பார்த்தும் போர்டு வாங்காதீர்கள்.

இனி சோதனை. மவுஸை நகர்த்தும்போதோ பக்கத்தை உருட்டும்போதோ கீச்சென்ற ஓசை ஏறி இறங்கினால் முதல் சந்தேகம் கேபினட்டின் முன்பக்க ஜாக். அங்கிருந்து மதர்போர்டுக்கு வரும் மெல்லிய ஒயர் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டை ஒட்டியே போகிறது. வழியெல்லாம் மின்காந்த இரைச்சலை வாங்கிக்கொள்கிறது. ஹெட்போனைப் பின்பக்கப் பச்சை ஜாக்கில் செருகிப் பாருங்கள். பலருக்கு விஷயம் இங்கேயே முடிந்துவிடும். ஹெட்போனைக் கழற்றிய பிறகும் கீச்சொலி கேட்டால் அது கிராபிக்ஸ் கார்டில் உள்ள கம்பிச் சுருள் (coil) நேரடியாக எழுப்பும் சத்தம். அதை எந்த சவுண்ட் கார்டாலும் போக்க முடியாது.

ஒரே சுருதியில் நிற்கும் "ம்ம்ம்" வேறு வகை. அது மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். ஸ்பீக்கர் ஒயரைப் பிசியிலிருந்து கழற்றி, மின்சாரம் செருகாத ஒரு போனில் மாட்டுங்கள். இரைச்சல் தொடர்ந்தால் கோளாறு ஸ்பீக்கரில். நின்றுவிட்டால் கிரவுண்ட் லூப்: பிசியும் ஆம்ப்ளிஃபயரும் இரண்டு வழிகளில் எர்த்தோடு இணைந்து, அந்த வட்டத்தில் ஓடும் மின்னோட்டம் ஆடியோ ஒயரில் ஏறுகிறது. லேப்டாப்பில் சார்ஜரைப் பிடுங்கியதும் இரைச்சல் நின்றால் அதுவும் இதே கதைதான்.

பலர் ஏமாறுவது இந்த இடத்தில். வெளியே வைக்கும் யுஎஸ்பி டாக் (DAC, டிஜிட்டலை அனலாகாக மாற்றும் தனிக் கருவி) வாங்கினால் சரியாகிவிடும் என்று நம்புகிறார்கள். யுஎஸ்பி ஒயரிலும் கிரவுண்ட் இருக்கிறது. லூப் அப்படியே தொடரும். பிசியையும் ஸ்பீக்கரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிப் பாருங்கள். ஆம்ப்ளிஃபயரில் கேபிள் டிவி இணைந்திருந்தால் அதைக் கழற்றிப் பாருங்கள். போர்டிலும் ஆம்ப்ளிஃபயரிலும் ஆப்டிகல் ஜாக் இருந்தால் அதுவே மிகச் சிறந்த தீர்வு. கண்ணாடியிலோ பிளாஸ்டிக்கிலோ ஒளிதான் போகிறது, செம்பு இல்லாததால் லூப்பே இல்லை. ஆடியோ ஒயரில் மாட்டும் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டரும் உதவும், ஆனால் மலிவான டிரான்ஸ்ஃபார்மர் வகை அடித்தொனியைக் குறைத்துவிடும். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை வெட்டுவதும் இரண்டு பின் அடாப்டர் போடுவதும் வேண்டவே வேண்டாம். இரைச்சல் நிற்கும், ஆனால் கசிவு வந்தால் மின்சாரம் உங்கள் உடல் வழியாகப் போகும்.

ஹெட்போனில் சத்தம் போதாமை பல சமயம் வெளியீட்டு மின்தடையால், அதாவது ஜாக்குக்குப் பின்னால் போர்டிலேயே இருக்கும் தடையால். சில போர்டுகளில் அது 75 ஓம் அளவுக்கு இருக்கும். அதில் 32 ஓம் ஹெட்போனை மாட்டினால் வோல்டேஜில் மூன்றில் ஒரு பங்குகூட ஹெட்போனுக்குப் போய்ச் சேராது. மின்தடை அலைவெண்ணுக்கு ஏற்ப மாறும் இயர்போன்களில் தொனியும் மாறிவிடும். வெளியீட்டு மின்தடை, ஹெட்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் இருப்பது நல்லது: 32 ஓமுக்கு 4 ஓம்.

இதை வீட்டிலேயே அளக்கலாம். 50 ஹெர்ட்ஸ் சைன் தொனியை ஓடவிட்டு, ஹெட்போன் இல்லாமல் வெறும் பிளக்கை மட்டும் ஜாக்கில் செருகி ஏசி வோல்டேஜை அளந்துகொள்ளுங்கள். பிறகு பிளக்கின் நுனிக்கும் அடிப்பகுதிக்கும் இடையே 33 ஓம், கால் வாட் ரெசிஸ்டரை வைத்து மறுபடி அளங்கள். முதல் அளவு 0.5 வோல்ட், இரண்டாவது 0.15 என்றால், வித்தியாசம் 0.35ஐ 0.15ஆல் வகுத்து 33ஆல் பெருக்க 77 ஓம். மலிவான மஞ்சள் மல்டிமீட்டர்களில் ஏசி அளவு 200 வோல்ட்டில்தான் தொடங்கும். அது இதற்கு உதவாது, 2 வோல்ட் ஏசி உள்ளது வேண்டும். விடை பெரிதாக வந்தால், அப்போது டாக் வாங்குவதில் நியாயம் இருக்கிறது. சாதாரண 32 ஓம் ஹெட்போனுக்கு ஆப்பிளின் டைப்-சி டாங்கிளே விண்டோஸில் நன்றாக வேலை செய்யும். 250 ஓம், 300 ஓம் ஹெட்போன்களுக்குத்தான் ஆம்ப்ளிஃபயர் சேர்ந்த கருவி வேண்டும்.

ப்ளூடூத் ஹெட்போன், யுஎஸ்பி ஹெட்செட், எச்டிஎம்ஐயில் இணைந்த டிவி வைத்திருப்போர் இதையெல்லாம் யோசிக்கவே வேண்டாம். மாற்றும் சிப் அவற்றுக்குள்ளேயே இருக்கிறது.

மைக் என்று வந்தால் என் தீர்ப்பு தலைகீழ். மதர்போர்டின் இளஞ்சிவப்பு ஜாக் ஹெட்செட்டில் வரும் சிறிய எலக்ட்ரெட் மைக்குக்காகச் செய்யப்பட்டது. குரல் சிறிதாக இருக்கிறதென்று பூஸ்ட்டை 30 டெசிபெல் ஏற்றினால் இரைச்சலும் கூடவே 30 டெசிபெல் ஏறும். ஷ்யூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக், ஒலியழுத்தம் ஒரு பாஸ்கல் இருக்கும்போது 2 மில்லிவோல்ட்டுக்கும் குறைவாகத்தான் தரும்; அதைப் பிசி ஜாக்கில் ஒயர் மாற்றிச் செருகுவதில் பயனில்லை. ஸ்டுடியோ கண்டென்சர் மைக்குக்கு மைக் ஒயர் வழியாகவே போகும் 48 வோல்ட் ஃபேன்டம் பவர் வேண்டும். ஆகவே பாட்டோ பாட்காஸ்ட்டோ பதிவு செய்வோர் ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ மாதிரியான யுஎஸ்பி இன்டர்ஃபேஸ் (மைக் சிக்னலைப் பெருக்கிப் பிசிக்கு அனுப்பும் பெட்டி) வாங்குங்கள். அதற்கென வரும், தாமதத்தைக் குறைக்கும் ஆசியோ டிரைவரும் குரலை நேராக ஹெட்போனுக்கு அனுப்பும் டைரக்ட் மானிட்டர் வசதியும் இருப்பதால் பாடும்போது சொந்தக் குரல் தாமதித்துக் கேட்காது. "7.1" என்று எழுதி நூற்றுச் சில்லறை ரூபாய்க்கு விற்கும் குட்டி டாங்கிளில் இருப்பது இரண்டு சேனல்தான், மைக் உள்ளீடு பெரும்பாலும் மோனோ. உடைந்த ஜாக்குக்கு மாற்றாக மட்டும் அது சரி.

கேபினட்டுக்குள் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டை, 5.1 அனலாக் ஸ்பீக்கர் வைத்திருந்து போர்டில் போதிய ஜாக் இல்லாதவர்களுக்கு மட்டும்தான் பரிந்துரைப்பேன். பெரிய கிராபிக்ஸ் கார்டு பல சமயம் அதற்கான சின்ன ஸ்லாட்டையே மறைத்துவிடுகிறது.

எதை வாங்கினாலும் விண்டோஸின் ஒலி அமைப்பில் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்டை அணைத்துவிட்டு, சாம்பிள் ரேட்டை (நொடிக்கு எத்தனை ஒலி மாதிரிகள் என்ற எண்ணை) பாட்டுக்கு 44,100 அல்லது வீடியோவுக்கு 48,000 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். இடையிடையே படபடவென்று வெடித்தால் லேட்டன்சிமான் மென்பொருளை ஓடவிட்டு எந்த டிரைவர் ப்ராசஸரைப் பிடித்துவைத்திருக்கிறது என்று பாருங்கள். வைஃபை டிரைவரும் கிராபிக்ஸ் டிரைவரும் அடிக்கடி சிக்கும். புதிய கருவியையும் பழைய ஜாக்கையும் ஒரே ஹெட்போனில், ஒரே சத்த அளவுக்குச் சமப்படுத்தி, மாற்றி மாற்றிக் கேளுங்கள். சற்றுக் கூடுதல் சத்தமே நல்ல ஒலியாகத் தோன்றும் என்பதால் இந்தச் சமப்படுத்தல் அவசியம். கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள்.