கரம் (நிலவரி) ரசீது இல்லாமல் விறகு ஏற்றாதீர்கள்

மூணாறு, தேவிகுளம் பக்கம் டிசம்பர், ஜனவரியில் கணப்பு மூட்டாமல் தூங்க முடியாது. குளிர் வந்த பிறகு விறகு தேடினால் விலையும் கூட, மரமும் பச்சை. அடுத்த குளிருக்கானதை இந்த ஜனவரி, பிப்ரவரியிலேயே வாங்கிப் பிளந்து அடுக்கிவிட வேண்டும். ஜூனில் மழை இறங்கிவிட்டால் அப்புறம் விறகு காய்வது பேருக்குத்தான்.

மலிவாகக் கிடைப்பவை: மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக்கில் கழித்த கிளைகள், கிராண்டிஸ் (யூகலிப்டஸ் வகை) வெட்டிய இடத்தில் மில்காரன் எடுக்காமல் விட்ட நுனிக்கட்டைகள், மரமில்லில் மிஞ்சும் வெளிப்பலகைகள். பற்றவைக்க, கவாத்து வெட்டிய தேயிலை மிளார் போதும். சில்வர் ஓக் சீக்கிரம் பிடிக்கும், சீக்கிரம் தீரும். ராத்திரி முழுக்கக் கங்கு நிற்க வேண்டுமானால் வாட்டில் (வேல மர இனம்) அல்லது காப்பிக் கட்டை பார்க்க வேண்டும்.

பச்சை மரத்தை எடை போட்டு வாங்கவே கூடாது. புதிதாக வெட்டிய மரத்தில் எடையில் பாதிவரை தண்ணீர் இருக்கும். அப்படி ஒரு டன் வாங்கினால் 500 கிலோ தண்ணீர். ஈரம் 20 சதவீதத்துக்கு இறங்கும்போது கையில் நிற்பது 625 கிலோதான். மீதி 375 கிலோவுக்கும் காசு கொடுத்தாயிற்று. லோடு கணக்கும் அவ்வளவு யோக்கியமில்லை. வண்டியில் தாறுமாறாக வீசிய மூன்று கன மீட்டர், ஒழுங்காக அடுக்கினால் ஏறக்குறைய இரண்டு கன மீட்டர்தான் வரும். அடுக்கிக் காட்டச் சொல்லி, நீளம், அகலம், உயரம் அளந்து விலை பேசுங்கள். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

இனி அந்தக் காகிதக் கதை. சந்தனமரம் தவிர்த்து, வனமல்லாத நிலத்தில் நிற்கும் மரத்தை வெட்டிக் கொண்டுபோக உரிமையாளருக்கு வழிவிடும் சட்டம் கேரளத்தில் 2005 முதல் இருக்கிறது. அறிவிக்கை செய்யப்பட்ட பகுதிகளுக்கும் பட்டியலில் உள்ள சில மரங்களுக்கும் நிபந்தனைகள் வேறு. ஆனால் சோதனைச்சாவடியில் சட்டம் பேசி ஆவதில்லை. "கரம் ரசீது எங்கே?" என்பதுதான் முதல் கேள்வி. ஒருமுறை எங்கள் விறகு லோடை நிறுத்தியதும் அதற்காகத்தான். விற்றவர் ரசீதை வீட்டில் வைத்துவிட்டு, போனையும் அணைத்துவிட்டார். எந்த விதிப்படி நிறுத்துகிறீர்கள் என்றால் பதில் இல்லை, எழுதித் தரவும் மாட்டார்கள். சாயங்காலம் ரசீது வந்து சேரும்வரை கட்டைகள் மழையில் நனைந்தன. வண்டிக்காரர் காத்திருந்த நேரத்துக்கும் சேர்த்து வாங்கிக்கொண்டார். மலிவு விறகு அந்த இடத்திலேயே மலிவில்லாமல் போயிற்று.

ஆகவே, வண்டி கிளம்பும் முன் டிரைவர் கையில் இருக்க வேண்டியவை: நடப்பு ஆண்டு கரம் ரசீது நகல், உரிமையாளரின் அடையாள அட்டை நகல், அவர் கையெழுத்திட்ட கடிதம். கடிதத்தில் சர்வே எண், மரத்தின் பெயர், உத்தேச அளவு, வண்டி எண், தேதி ஐந்தும் வேண்டும். 'பலவகை மரம்' என்று எழுதினால் தொலைந்தது, கட்டை கட்டையாகப் புரட்டுவார்கள். மறையூர் சந்தனக்காட்டுப் பக்கம் போகிற வண்டிக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். எல்லை தாண்டித் தேனிக்கோ உடுமலைக்கோ போவதானால் தமிழ்நாட்டின் மரப் போக்குவரத்து விதிகள் (1968) வேறு குறுக்கே வரும். வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்காமல் ஏற்ற வேண்டாம்.

வீட்டில் அறுக்கும்போது ரம்பச் சங்கிலியைக் கெடுப்பவை இரண்டு. இழுத்து வந்த கட்டையில் ஒட்டிய மண் பற்களை மழுக்கும், அறுக்கும் இடத்தில் பட்டையை உரித்துவிடுங்கள். வேலியோரம் நின்ற சில்வர் ஓக்கில் முள்கம்பி உள்ளே புதைந்திருக்கும், பட்டையில் கருநீலக் கறை தெரிந்தால் அங்கே ரம்பம் வைக்காதீர்கள். இரண்டு முனையும் தாங்கி நடுவில் தொங்கும் கட்டையானால் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்து, மீதியைக் கீழிருந்து அறுக்க வேண்டும். ஒரு முனை அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தால் முதல் வெட்டு கீழே. மாற்றிச் செய்தால் மரம் ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும்.

துண்டு ஓரடி நீளம் போதும். யூகலிப்டஸ் இனங்களைப் பச்சையிலேயே பிளந்துவிடுங்கள். காய்ந்தால் நார் முறுக்கேறி ஆப்பு, சம்மட்டி இல்லாமல் வாய் திறக்காது. அகலமான கட்டையில் நடுவில் போடாமல், ஓரத்திலிருந்து சீவிச் சீவி உள்ளே வர வேண்டும். பழைய டயருக்குள் நிறுத்திப் பிளந்தால் துண்டுகள் சிதறாது, காலும் தப்பும்.

அடுக்கும்போது தரையில் படாமல் இரண்டு மூன்று செங்கல் உயரம் வேண்டும். வீட்டுச் சுவரோடு ஒட்டினால் கரையானுக்கு நாமே பாதை போட்டுக் கொடுத்தது போல. தார்ப்பாயை மேலே மட்டும் போடுங்கள். பக்கங்களையும் மூடினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும், மூடியவர்களே பிறகு 'விறகு காயவே இல்லை' என்று புலம்புவார்கள்.

காய்ந்ததா என்று பார்க்க முனை வெடிப்பை மட்டும் நம்பாதீர்கள், வெளியே வெடித்து உள்ளே ஈரமாக இருக்கும். ஒரு துண்டில் அடையாளமிட்டு வாரம் ஒருமுறை எடை போடுங்கள், குறைவது நின்றால் சரி. ஈரமானி இருந்தால் கட்டையைப் புதிதாகப் பிளந்து உள்முகத்தில் குத்துங்கள், தோலில் குத்திய எண் பொய். ஈர விறகு எரித்தால் சூடு தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும், புகைக்கூண்டில் தாரும் படியும். அந்தத் தாரே ஒருநாள் தீப்பிடிக்கும்.

புகைக்கூண்டு இல்லாத அறையில் கங்குச் சட்டியை வைத்து ஜன்னலைச் சாத்திப் படுக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். பிளக்க மறுத்த முடிச்சுக் கட்டைகளோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். தனியே ஒதுக்கி ஒரு கோடை கூடுதலாகக் காயவிட்டால், குளிக்க வெந்நீர் போடும் அடுப்பில் மெதுவாக நின்று எரியும்.