பெஞ்சிலிருந்து எழுந்து வரும் ஜினோபிலி

பாஸ்கெட்பால் வீரர் மனு ஜினோபிலியைப் பற்றி யார் பேசினாலும் ஒரு வரி தப்பாமல் வந்துவிடும், அணிக்காகத் தன்னையே தியாகம் செய்துகொண்டு, ஆட்டத்தைத் தொடங்கும் ஐவரில் இல்லாமல், மாற்று ஆளாகப் பெஞ்சில் உட்கார்ந்தார் என்று. எனக்கு அதைக் கேட்டாலே எரிச்சல். ஏதோ பாவம் அந்த மனுஷனுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்பதுபோல ஆகிவிடுகிறது. 2007-08 சீசனில், அமெரிக்காவின் என்பிஏ லீக்கில் ஆடும் அவருடைய அணியான சான் அன்டோனியோ ஸ்பர்ஸில் சராசரியாக அதிகப் புள்ளி எடுத்தது யார் தெரியுமா? டிம் டங்கனும் இல்லை, டோனி பார்க்கரும் இல்லை. பெரும்பாலான ஆட்டங்களில் பெஞ்சிலிருந்து எழுந்து வந்த இவர்தான், ஆட்டத்துக்கு 19.5 புள்ளி. சிறந்த ஆறாவது ஆளுக்கான, அதாவது பெஞ்சிலிருந்து வருபவர்களில் சிறந்தவருக்கான விருதும் அந்த வருஷம் இவருக்குத்தான்.

பயிற்சியாளர் போப்போவிச் போட்ட கணக்கு ரொம்ப எளிமையானது. டங்கனும் பார்க்கரும் மூச்சு வாங்க உட்காரும் நேரத்தில் எதிரணியும் தன் இரண்டாம் வரிசை ஆட்களை இறக்கியிருக்கும், அந்த நேரம் பார்த்து இவரை உள்ளே விட்டால் பந்து முழுக்க இவர் கையில், அவர்கள் பாடு திண்டாட்டம். அப்புறம் கடைசி ஐந்து நிமிஷம் ஆட்டம் இழுபறியாக இருந்தால் அப்போதும் இவர் களத்தில்தான் இருப்பார். ஆட்டத்தை யார் தொடங்குகிறார்கள் என்பதைவிட யார் முடிக்கிறார்கள் என்பதுதானே முக்கியம்.

இத்தனைக்கும் இவரை யாரும் பெரிதாக எதிர்பார்த்து எடுக்கவில்லை. என்பிஏ அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1999இல் மொத்தமே 58 பேர், இவர் 57ஆவது. அர்ஜென்டினாவின் பாஹியா பிளாங்கா ஊர்க்காரர். கால்பந்து நாட்டில் பாஸ்கெட்பாலுக்கு உயிரைவிடும் ஊர் அது, அண்ணன்கள் இரண்டு பேரும்கூட இதே ஆட்டம்தான். டிராஃப்ட் ஆனபிறகும் நேராக அமெரிக்கா போகாமல் இத்தாலியில் ஆடினார், 2001இல் பொலோன்யா அணியோடு ஐரோப்பிய கிளப்புகளின் பெரிய போட்டியான யூரோலீக் கோப்பையை வென்றார், 2002இல்தான் ஸ்பர்ஸுக்கு வந்தார். வந்த முதல் சீசனிலேயே சாம்பியன். பிறகு 2005, 2007, 2014 என்று இன்னும் மூன்று.

அவர் ஆட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது யூரோ ஸ்டெப். அவர் கண்டுபிடித்ததில்லை, லிதுவேனியாவின் மார்ச்சுலியோனிஸ் முன்பே செய்ததுதான், ஆனால் என்பிஏவில் பட்டிதொட்டியெல்லாம் பரவியது இவரால். வேகமாக ஓடிவந்து பந்தை இரண்டு கையிலும் வாரிக்கொண்டு முதல் காலை ஒரு பக்கம் அகலமாக வைப்பார். தடுப்பவர் உடம்பு அந்தப் பக்கம் சாயும். சாய்ந்த அந்த நொடியிலேயே அடுத்த காலை எதிர்ப்பக்கம் வைத்து, வழி காலியாக, பந்தைக் கூடையில் போட்டுவிடுவார். இடதுகைக்காரர் வேறு. வலதுகைக்காரர்களையே தடுத்துப் பழகிய ஆட்களுக்கு எல்லாமே தலைகீழாக வரும்.

ஆனால் தலைவலியும் உண்டு. யாருமே நினைக்காத சந்தில் பாஸ் கொடுப்பார், பத்தில் ஏழு மெய்சிலிர்க்கும், மிச்சம் நேராக எதிரணி கையில் போய் விழும். முதலில் நான்கு ஆட்டம் வெல்பவருக்குக் கோப்பை என்ற என்பிஏ இறுதித் தொடரில், 2013இல் மயாமி அணிக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில் எட்டு முறை பந்தைப் பறிகொடுத்தார். கோப்பை கைக்கெட்டும் தூரத்தில் இருந்த ஆட்டம் அது, தோற்றார்கள், ஏழாவதிலும் தோற்றார்கள். அவரால் மட்டும்தான் போனது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அவர் பங்கு இல்லவே இல்லை என்று சொல்கிற ரசிகன் பொய் சொல்கிறான். அடுத்த வருஷம் அதே மயாமியோடு ஐந்தாவது ஆட்டம், 36 வயதில் ஓடிவந்து எதிரணியின் கிறிஸ் பாஷ் தலைக்கு மேலே எகிறிப் பந்தைக் கூடைக்குள் அடித்து இறக்கும் ஒரு டங்க். கோப்பையும் வந்தது. அந்த வயதில் அப்படி எகிற வேண்டிய அவசியமே இல்லை, ஆனால் அவசியம் பார்த்து ஆடுகிற ஆளாக இருந்தால் அவர் ஜினோபிலி இல்லையே.

2009 அக்டோபர் 31ஆம் தேதி ஆட்டத்துக்கு நடுவே அரங்கத்துக்குள் ஒரு வௌவால் பறந்துகொண்டிருக்க, எல்லோரும் விலகி நிற்க, இவர் ஒரே தட்டில் அதைக் கீழே தள்ளியதும் நடந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. பிறகு வெறிநாய்க்கடிக்குப் போடும் ஊசிகளைப் போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. தேவையா சார் இது?

மொத்தம் 1,057 லீக் ஆட்டங்களில் தொடக்க ஐவரில் இருந்தது 349இல் மட்டும். இந்த எண்ணைக் காட்டி அவரைக் குறைத்துப் பேசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சரி, 2022இல் பாஸ்கெட்பாலின் மகத்தான ஆட்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தபோது அந்த எண் யார் கண்ணையும் உறுத்தவில்லை. யூரோலீக், ஒலிம்பிக் தங்கம், என்பிஏ பட்டம் மூன்றையும் வென்றவர்கள் அமெரிக்க ஆட்டக்காரர் பில் பிராட்லியும் இவரும்தான்.

புதிதாக அவர் ஆட்டத்தைப் பார்க்க நினைப்பவர்கள் ஸ்பர்ஸ் ஆட்டத்தில் தொடங்க வேண்டாம், 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் அரையிறுதியைத் தேடிப் பாருங்கள். அர்ஜென்டினா 89, அமெரிக்கா 81. எதிரே நிற்பது அவருடைய ஸ்பர்ஸ் கூட்டாளி டங்கன். இவர் எடுத்தது 29 புள்ளி.