இல்லாத இசை

வாரப் பத்திரிகை ஒன்றில் ஒன்பது வருடம் பத்தி எழுதினேன். புத்தகம், ஊர் விஷயம், சினிமா, எதுவானாலும் வாரம் ஒரு பக்கம் தவறாமல் போய்ச் சேர வேண்டும். புதுப்பட விமர்சனமும் என் பொறுப்புதான். வெள்ளிக்கிழமை காலைக் காட்சி பார்த்துவிட்டு மதியத்துக்குள் 250 வார்த்தை. பாதிக்கு மேல் கதைச் சுருக்கம், நடிப்புக்கும் ஒளிப்பதிவுக்கும் இசைக்கும் ஆளுக்கொரு வரி, கடைசியில் பார்க்கலாமா வேண்டாமா என்று ஒரு தீர்ப்பு.

ஒரு நாள் அஞ்சலட்டை வந்தது. அப்பா இறந்த சேதி கேட்டு மகள் சமையலறைக்குள் போகும் காட்சியில் பின்னணி இசை நெஞ்சைப் பிழிகிறது என்று எழுதியிருந்தேன். "அந்தக் காட்சியில் இசையே கிடையாது ஐயா." அவ்வளவுதான், கீழே ஒரு கையெழுத்து.

புதன்கிழமை டிக்கெட் எடுத்துப் போய் உட்கார்ந்தேன். மகள் உள்ளே வருகிறாள், அடுப்பை அணைக்கிறாள். கொதித்துக்கொண்டிருந்த உலை மெல்ல அடங்கும் சத்தம் மட்டும் கேட்கிறது. இசையமைப்பாளர் வேண்டுமென்றே ஒதுங்கி நின்ற இடம் அது. எனக்குக் கேட்டது அதற்கு முன் பார்த்த எத்தனையோ சாவுக் காட்சிகளின் வயலின்.

திருத்தம் போடச் சொல்லிக் கேட்டேன். "யார் கவனிக்கப் போறாங்க, விடுங்க" என்றார்கள். கவனித்த ஒருவரின் அட்டை அப்போது என் சட்டைப்பையில் இருந்தது. நாலு மாதம் கழித்து விலகினேன். வீட்டில் பேசி, கையிருப்பைக் கணக்குப் பார்த்துத்தான். அடுத்த வருடம் பணத்துக்குச் சிரமப்பட்டோம், மொழிபெயர்ப்பு வேலைதான் கைகொடுத்தது.

இயக்குநர் ஆவதற்கு முன் மகேந்திரன் பத்திரிகையில் சினிமா விமர்சனம் எழுதியவர். அதனாலேயோ என்னவோ, நிதானமாக ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தபோது முதலில் அவருடைய 'உதிரிப்பூக்கள்' படத்தைத்தான் எடுத்துக்கொண்டேன். 1979இல் வந்த படம். புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யைப் படித்துவிட்டுப் பார்த்தால் இரண்டும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பது தெரியும். கதையிலிருந்து ஒரு விதையை மட்டும் எடுத்துக்கொண்டு தன் கிராமத்தைத் தானே கட்டியிருக்கிறார்.

அந்தக் கடைசி ஆற்றங்கரைக் காட்சியை ஒரு தடவை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். அப்புறம் திரையைப் பார்க்காமல் சத்தத்தை மட்டும் கேட்டேன். விஜயன் தண்ணீரை நோக்கிப் போகும்போது ஊர் எங்கே நிற்கிறது, அசோக்குமாரின் கேமரா எவ்வளவு தள்ளி நிற்கிறது, இளையராஜா எங்கே வருகிறார், எங்கே வராமல் இருக்கிறார் என்று நோட்டில் குறித்தேன். பழைய வேலையில் இதற்கெல்லாம் ஒரே ஒரு வரிதான் இருந்தது: 'உருக்கமான முடிவு'.

மூன்று வாரத்தில் பதினோரு பக்கம் ஆகிவிட்டது. ஒவ்வொரு பக்கத்துக்கும் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறேன். அஞ்சலட்டையை அந்த நோட்டிலேயே வைத்திருக்கிறேன். கட்டுரை இன்னும் ஆற்றங்கரைக்கு வந்து சேரவில்லை.