சலவை அறைக்கு ஒரு பூட்டு

ஸ்டாக்ஹோமில் வீட்டுச் சாவியோடு ஒரு குட்டிப் பூட்டையும் கொடுத்தார்கள். பெட்டிக்குப் போடுவதாக்கும் என்று மேசை டிராயரில் போட்டுவிட்டேன். அழுக்குக் கூடை நிரம்பி வழிந்த அன்றைக்குத்தான் அது எதற்கென்று தெரிந்தது.

நாங்கள் இருப்பது அந்த ஊரின் ஷீஸ்டா பகுதியில். எழுதுவதென்னவோ கிஸ்டா மாதிரிதான், வாயில் வருவது ஷீஸ்டா. எங்கள் குடியிருப்பில் வீட்டுக்குள் வாஷிங் மெஷின் கிடையாது. அடித்தளத்தில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு சலவை அறை, ட்வெட்ஸ்டூகா. அதன் வாசலில் தேதியும் நேரமும் போட்ட ஒரு பலகை. வேண்டிய துளையில் நம் வீட்டு எண் போட்ட பூட்டை மாட்டினால் அந்த மூன்று மணி நேரம் நமக்கு. அரை மணி தாமதமானால் யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். வீட்டுக்கு ஒரே பூட்டு என்பதால் இந்த முறை துவைத்து முடித்தால்தான் அடுத்ததற்கு இடம் பிடிக்க முடியும். திருப்பூரில் குளித்த கையோடு துணியையும் அலசிப் போட்டுப் பழகியவனுக்குப் பத்து நாளைக்கு ஒரு முறை என்பது தண்டனை மாதிரி இருந்தது.

முதல் தடவையே சொதப்பல். எங்கள் ஊர் உப்புத் தண்ணீரில் எவ்வளவு சோப்பு போட்டாலும் நுரைக்காது. அந்தக் கணக்கில் இங்கேயும் ஒரு கை அள்ளிப் போட்டேன். ஸ்டாக்ஹோம் தண்ணீரோ மென்மையானது, சோப்புத்தூள் பெட்டியிலேயே எந்தத் தண்ணீருக்கு எவ்வளவு என்று அட்டவணை இருக்கிறது. யார் பார்த்தது! மூன்று முறை அலசியும் நுரை போகவில்லை. அடுத்த நேரத்துக்குப் பூட்டு மாட்டியிருந்த மேல்வீட்டு அம்மா வந்து நின்றார். எழுபது வயதிருக்கும். கோபப்படவில்லை. என் கூடையில் இருந்த கம்பளி ஸ்வெட்டரை எடுத்து முகர்ந்து பார்த்தார். "இதில் என்ன அழுக்கு?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஒரு நாள் போட்டேன் என்றேன். அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. கம்பளியை ராத்திரி பால்கனியில் தொங்கவிட்டால் போதுமாம். அதற்கு 'வேத்ரா' என்று ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள், காற்றாட விடுவது.

அப்புறம் உலர்த்தும் மெஷினின் வடிகட்டியை உருவிக் காட்டினார். சாம்பல் நீலத்தில் ஒரு பஞ்சுப் படலம், தோசை மாதிரி முழுசாகக் கையோடு வந்தது. அதை எடுத்துப் போட்டுவிட்டுப் போவதுதான் அங்கே முதல் சட்டம். எனக்கு அதைப் போட மனம் வரவில்லை. அத்தனையும் எங்கள் சட்டையிலிருந்து உதிர்ந்தது.

அப்பா முப்பது வருசம் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஒரு துணிக்கு என்னென்ன செலவாகிறது என்பதை நான் நொய்யலில் பார்த்திருக்கிறேன். எந்தக் கலருக்கு ஆர்டர் வந்திருக்கிறது என்று ஆற்றைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பார்கள். ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய சாயத்தண்ணீர் பயிருக்கு ஆகாமல் போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு வேலை இல்லை. ஆற்றுக்காக வருத்தப்படுவதா, வேலைக்காக வருத்தப்படுவதா என்று எங்கள் வீட்டிலேயே சண்டை நடந்தது. இவ்வளவுக்கும் பிறகு வந்த ஒரு டி-ஷர்ட்டை, அழுக்கே இல்லாதபோது சுழற்றிச் சுழற்றிப் பஞ்சாக்குவது எனக்கு உறுத்தியது. அன்றிலிருந்து முகர்ந்து பார்த்துத்தான் கூடையில் போடுகிறேன். உள்ளாடை, சாக்ஸ் மட்டும் தினம். அதில் விட்டுக்கொடுப்பது இல்லை.

ஆனால் ஸ்வீடன்காரர்கள் சொல்லித்தராத ஒன்று இருக்கிறது, தாளிப்பு. இங்கே சமையலறையும் கோட்டு மாட்டும் இடமும் பக்கத்துப் பக்கத்தில். கருவாடு வறுத்த மறுநாள் மெட்ரோவில் என் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. தற்செயலாகவும் இருக்கலாம், நான் நம்பவில்லை. இப்போது கடுகு போடுமுன் கோட்டும் ஸ்வெட்டரும் படுக்கையறைக்குப் போய்விடும், கதவு சாத்தப்படும். அடுப்பு வேலைக்கென்று ஒரு பழைய சட்டை. சலவை அதிகம் குறைந்தது இந்த ஏற்பாட்டால்தான்.

அம்மாவுக்கு இதெல்லாம் ஏறவில்லை. வீடியோவில் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, முந்தாநாள் போட்ட ஸ்வெட்டர்தானே அது? கந்தையானாலும் கசக்கிக் கட்டோணும்" என்றார். கசக்கத்தான் சொல்லியிருக்கிறது, அறுபது டிகிரியில் கொதிக்கவைக்கச் சொல்லவில்லை என்றேன். மெஷினில் ஓடும் மின்சாரத்தில் பெரும்பங்கு தண்ணீரைச் சூடாக்கத்தான் போகிறது, அதனால் நாங்கள் முப்பதில்தான் துவைக்கிறோம் என்றும் விளக்கினேன். "நாங்க எப்பக் கண்ணு தண்ணி காய வெச்சோம்?" என்று கேட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். பச்சைத் தண்ணீர், துவைக்கிற கல், வெயில். அவர் தினமும் துவைத்தும் மீட்டர் ஓடுவதில்லை. நான் குளிர்காலத்தில் உலர்த்தும் அலமாரியைப் போட்டால் ஓடுகிறது. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

போன மே மாதம் ஊருக்குப் போனேன். காலையில் போட்ட சட்டை பதினோரு மணிக்கெல்லாம் முதுகோடு ஒட்டிவிட்டது. கழற்றி, பழக்க தோஷத்தில் முகர்ந்து பார்த்தேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் கையிலிருந்து பிடுங்கி வாளியில் முக்கினார். சாப்பிட்டு எழுவதற்குள் மொட்டைமாடிக் கொடியில் அப்பளம் மாதிரி மொடமொடவென்று காய்ந்து கிடந்தது. அதையே எடுத்துப் போட்டுக்கொண்டேன்.